யார்ட ஜன்னல் இது?

"யார்ட ஜன்னல் இது?"

சின்னவள் கேட்டது எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவள் கையில் நாங்கள் கொடுத்த படம் இருந்தது. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், பிரேம் போட்டது. கடலுக்கு மேலே ஒரு பெரிய சோப்புக் குமிழி மிதக்கிறது, அதற்குள்ளே அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "ஐ, நான்!" என்று துள்ளுவாள் என்று நாலு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ விரலைக் கொண்டுபோய்க் குமிழியின் இடது மேல் பக்கத்தில் வைத்தாள். அங்கே நாலு கட்டம் போட்ட ஒரு ஜன்னல் வெள்ளையாக வளைந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

"அது வெளிச்சம் பட்டது" என்றோம்.

"எங்கட ஊட்டுல இப்பிடி ஜன்னல் இல்லயே."

இல்லைதான். அந்த வீட்டில் ஜன்னல் வர வேண்டிய இடத்தில் இப்போதைக்கு ஒரு பலகை சாத்தியிருக்கிறது.

வீடு இருப்பது உச்சமுனையில். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு அப்பால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக நீண்டு கிடக்கிற மணல். கற்பிட்டியிலிருந்து படகில்தான் போக வேண்டும். நாங்கள் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற நாலு பேர். எங்களில் ஒருத்தியின் சாச்சி அங்கே கலியாணம் முடித்துப் போனவர். இப்போது எங்கள் எல்லாருக்குமே அவர் சாச்சிதான். சாச்சிட புருசன் கத்தாரில். சின்னவளுக்கு ஏழு வயது.

போன லீவில் முதல் தடவை போனபோது சாச்சி ஒரு வேலை தந்தார். "நீங்க போன்லயே என்னென்னமோ செய்றீங்களே. புள்ளய ஒரு படம் சோக்கா அடிச்சுத் தாங்க. அவர் பாக்கணும்." இவ்வளவுதான் சொன்னார். நாங்கள் கேட்டது அதிலும் பாதி: "சோக்கா" என்ற சொல் மட்டும்.

*

அந்த முதல் படத்தை எப்படிச் செய்தோம் என்று சொல்லிவிடுகிறோம். உங்களில் பல பேர் இதே பாடத்தைப் பார்த்து இதையே செய்திருப்பீர்கள்.

வீட்டு வாசலில் நின்ற சின்னவளைப் படம் எடுத்தோம். அவளுக்குப் பின்னால் பாதி பூசின சுவர், தகரக் கூரை, கிடுகு வேலி, காயப்போட்ட வலை. போர்டிங்குக்கு வந்து போட்டோஷொப்பில் திறந்ததும் செய்த முதல் வேலை பின்னணியை வெட்டி எறிந்ததுதான். "பெக்ரவுண்ட் குப்பையா இருக்கு" என்று எங்களில் யாரோ சொன்னோம். யார் என்று இப்போது யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

பிறகு ஷிப்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சரியான வட்டம் போட்டு, முகமும் தோளும் அதற்குள் வருகிற மாதிரி வேறொரு லேயரில் எடுத்தோம். ஃபில்டரில் 'ஸ்பெரைஸ்' என்று ஒன்று இருக்கிறது. தட்டையான படத்தைப் பந்து மாதிரி உப்ப வைப்பது. அதை நூறில் வைத்தோம். மூக்கு கொய்யாப்பழம் மாதிரி வந்தது. சிரித்து முடித்துவிட்டு இருபத்தைந்துக்கு இறக்கினோம். வட்டத்தின் ஓரத்துக்கு 'இன்னர் க்ளோ' கொடுத்து வெள்ளை விளிம்பு ஏற்றினோம். மேலே ஒரு வானவில் கிரேடியன்ட், ஒபெசிட்டி குறைத்து. பிறகு இணையத்தில் கிடைத்த ஜன்னல் மினுக்கத்தை இடது மேல் பக்கத்தில் ஒட்டி, அதையே சிறிதாக்கித் தலைகீழாக வலது கீழ்ப்பக்கத்திலும் ஒட்டினோம். பின்னால் போடுவதற்கு ஒரு கடல் தேவைப்பட்டது. கற்பிட்டிக் கடல் அன்று கலங்கின நிறத்தில் இருந்ததால், எங்கேயோ உள்ள ஒரு நீலக் கடலை இறக்கிப் போட்டோம்.

வட்ஸ்அப்பில் சாச்சிக்கு அனுப்பினோம். சாச்சி கத்தாருக்கு அனுப்பினார். பெருநாள் லீவில் பிரேம் போட்டுக் கையோடு கொண்டுபோனோம்.

ஜன்னல் கேள்வி அந்தப் பின்னேரம் வந்தது. அதோடு சாச்சி போனை எடுத்து, அவர் அனுப்பியிருந்த வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். "மாஷா அல்லாஹ், புள்ள வளந்திட்டா. படம் நல்லா இருக்கு. எங்க கொண்டு போய் எடுத்தீங்க? கொழும்புலயா?"

சாச்சி குறையாக ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அவர் போகக்குள்ள சுவர் இவ்வளவுதான் வந்திருந்திச்சு. இப்ப கூரையும் போட்டாச்சு. அதப் பாக்கணும் எண்டுதான் கேட்டுக்கிட்டே இருந்தார்." கொஞ்சம் பொறுத்து, "எங்கட உம்மாக்கிட்ட எருக்கலம்பிட்டி ஊட்ட ஒரு படம் கூட இல்ல. வாசல் எந்தப் பக்கம் எண்டு ஒவ்வொரு தரமும் கையால காட்டுவா. எங்களுக்கு விளங்கவே விளங்காது" என்றார்.

எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவில் இருந்து பல குடும்பங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குத்தான் வந்து இறங்கின. அல்பம் எடுக்க அவகாசம் கிடைத்த வீடுகள் குறைவு. இதெல்லாம் நாங்கள் வகுப்பில் படித்தது, கட்டுரை கூட எழுதியது. அந்தக் குடும்பம் ஒன்றின் இன்றைய வீட்டைத்தான் "குப்பை" என்று வெட்டி எறிந்திருந்தோம்.

*

அடுத்த நாள் காலை சின்னவள் எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். வேலியோரம் காட்டாமணக்கு நட்டிருக்கிறார்கள். இலைக் காம்பைப் பாதி முறித்து மெதுவாக விரித்தாள். முறிந்த இடைவெளியில் பால் மெல்லிய தோலாகப் படர்ந்தது. ஊதினாள். மிளகாய் விதை அளவில் இரண்டு மூன்று குமிழிகள் பறந்தன. உள்ளே இருந்து சாச்சி, "அத வாயில வைக்காத, நஞ்சு!" என்று சத்தம் போட்டார்.

"பாருங்க, ஜன்னல் இல்ல" என்றாள்.

நாங்கள் குனிந்து பார்த்தோம். ஜன்னல் இல்லை. ஆனால் ஏதோ இருந்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் குமிழி உடைந்துவிட்டது.

பெரிதாக ஒன்று செய்ய வேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கிணற்றுத் தண்ணியில் கரைத்தோம். தண்ணி சவர் என்பதால் நுரையே வரவில்லை. குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணியில் கரைத்து, கொஞ்சம் சீனி போட்டோம். சீனி போட்டால் தண்ணி மெதுவாகக் காயும், குமிழி கொஞ்சம் கூட நேரம் நிற்கும். ஊதுவதற்குப் பப்பாசி இலைத் தண்டு. எல்லாம் சரி, காற்று மட்டும் விடவில்லை. கைட் சர்ஃபிங் ஆட்கள் உலகம் முழுவதும் இருந்து கற்பிட்டிக்கு வருவதே இந்தக் காற்றுக்காகத்தான். தண்டின் நுனியில் குமிழி உருண்டதும் காற்று அடித்துக்கொண்டு போனது.

நியூட்டனுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. 1704இல் வந்த 'ஒப்டிக்ஸ்' நூலில் சோப்புக் குமிழியின் நிறங்களைப் பற்றி எழுதும்போது, குமிழியை ஊதின கையோடு அதன் மேல் ஒரு கண்ணாடியைக் கவிழ்த்து மூடினதாகச் சொல்கிறார். காற்று அசைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அசையாத குமிழியிலோ நிறங்கள் மேலிருந்து கீழாக ஒழுங்கான வளையங்களாக இறங்கும். குமிழியின் தோல் தலைமயிர்த் தடிப்பில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்தத் தோலின் வெளிப்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் உள்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் சேரும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன. தண்ணி கீழே வடிய வடிய மேற்பக்கம் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் உச்சியில் நிறமே இல்லாத ஒரு கறுப்புப் பொட்டு விழும். அது பெருத்தால் குமிழி உடையப்போகிறது என்று அர்த்தம். நாங்கள் பூசின வானவில்லில் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. பிறந்தநாள் பெனரில் போடுகிற வானவில் அது.

எங்களிடம் கவிழ்க்கிற கண்ணாடி இல்லை. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு காற்று விழுந்திருந்த அரை மணித்தியாலத்தைப் பிடித்தோம். சாச்சி தன்னுடைய பழைய கறுப்பு அபாயா ஒன்றைத் தந்தார். வலை காயப்போடுகிற கம்புகளில் அதை விரித்துக் கட்டினோம். குமிழிக்குப் பின்னால் வெளிச்சமாக இருந்தால் அதன் மேல் விழுகிற பிம்பம் தெரியாது, பின்னால் கறுப்பு இருக்க வேண்டும். அபாயாவுக்கு முன்னால் சின்னவள் முழங்காலில் இருந்து ஊதினாள். தண்டின் நுனியில் ஒரு தோடம்பழ அளவுக் குமிழி அசையாமல் நின்றது. கிட்டப்போய் எடுத்தோம். ஏழெட்டுப் படம் எடுத்திருப்போம், காற்று எழும்பிவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து போனில் படத்தை இழுத்துப் பெரிதாக்கினோம். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

குமிழிக்குள் வீடு இருந்தது. மேல் பாதியில் நிமிர்ந்தபடி ஒரு வீடு: வளைந்த கூரை, வாசலில் சாச்சி, பக்கத்தில் வேலி. கீழ்ப் பாதியில் அதே வீடு தலைகீழாக. குமிழியின் முன்பக்கம் வெளியே உப்பின கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது, பின்பக்கம் உள்ளே குழிந்த கண்ணாடி மாதிரி. ஒன்று நிமிர்த்திக் காட்டும், மற்றது கவிழ்த்துக் காட்டும். பாடங்களில் ஜன்னலை இரண்டு தரம், ஒன்றைத் தலைகீழாக, ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான். யாரோ ஒருவர் ஏதோ ஒரு அறைக்குள் ஊதின குமிழியில் அந்த அறையின் ஜன்னல் விழுந்திருக்கிறது. அதை வெட்டி உலகம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். சின்னவள் கேட்டது சரியான கேள்வி. அது யாருடையதோ ஒரு ஜன்னல்.

இன்னும் இழுத்துப் பெரிதாக்கினால் வீட்டுக்கு முன்னால் நாலு எறும்புகள் மாதிரி நாங்கள் நின்றோம். ஒருத்தியின் கையில் போன்.

*

படிப்பில் பார்த்த ஒரு படம் அப்போது நினைவுக்கு வந்தது. யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியம், லண்டன் நெஷனல் கெலரியில் இருப்பது. ஒரு ஆணும் பெண்ணும் அறைக்குள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு உப்பின வட்டக் கண்ணாடி. அதில் அவர்களின் முதுகும் ஜன்னலும் தெரியும். வாசலில் நிற்கிற இன்னும் இரண்டு பேரும் தெரிவார்கள், அதாவது நாம் நின்று பார்க்கிற இடத்தில் நின்றவர்கள். பரீட்சைக்கு இதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்தோம். ஆனால் குமிழி செய்யும்போது ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

குமிழியும் சிறுபிள்ளையும் சேர்ந்த படங்களில் உலகத்தில் ஆகப் பிரபலமானது ஜோன் எவரெட் மில்லே 1886இல் தன் பேரனை வைத்து வரைந்தது. குமிழியின் வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்க ஒரு கண்ணாடி உருண்டையே செய்வித்து வைத்துக்கொண்டு வரைந்தாராம். அந்த ஓவியத்தைப் பியர்ஸ் சோப் கம்பனி வாங்கி, பிள்ளையின் காலடியில் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக்கியது. போட்டோஷொப் வருவதற்கு நூறு வருடத்துக்கு முந்தின எடிட் அது.

போட்டோஷொப்பின் கதையும் ஒரு தீவில்தான் தொடங்குகிறது. அதை எழுதின நோல் சகோதரர்களில் ஒருவரான ஜோன், போரா போரா கடற்கரையில் தன் காதலி முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்திருந்தார். மென்பொருளை ஆட்களுக்குச் செய்து காட்டும்போது பாவித்த படம் அதுதான். ஜெனிஃபரை இன்னொன்றாக்கிக் காட்டுவார், எதிரே தெரிகிற தீவையும் இன்னொன்றாக்கிக் காட்டுவார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் பதிப்பு 1990 பெப்ரவரியில் வெளிவந்தது. அதே வருடம் ஒக்டோபரில்தான் சாச்சிட உம்மா வள்ளத்தில் ஏறியது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கிளிக்கில் தீவைச் சேர்க்கலாம், ஊரை எடுக்கலாம் என்ற வசதி எங்கள் கைக்கு வந்தபோது, நாங்கள் அதைக் கொண்டு முதலில் செய்தது எடுத்ததுதான்.

நாங்கள் மட்டும் அப்படிச் செய்யவில்லை. கற்பிட்டியைச் சுற்றியுள்ள 14 தீவுகளையும் சேர்த்து ஒரு பெரிய சுற்றுலா வலயத் திட்டம் 2000களில் போடப்பட்டது. காணியும் கரையும் கையை விட்டுப் போகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். கற்பிட்டிப் பக்கம் என்று போடுகிற சுற்றுலாப் படங்களைத் தேடிப் பாருங்கள். டொல்பின் இருக்கும், நீலத் தண்ணி இருக்கும், வெள்ளை மணல் இருக்கும். வாடி இருக்காது, கருவாட்டுப் பந்தல் இருக்காது, சாச்சிட தகரக் கூரை இருக்கவே இருக்காது. ஆள் இல்லாத மணலாகக் காட்டினால் அது யாருடையது என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. நாங்கள் சின்னவளை நீலக் கடலுக்கு மேலே மிதக்கவிட்டதும் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகின கண்ணால்தான்.

*

இரண்டாவது படத்தைச் செய்த விதம் இது. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், ஆளின் படமும் குமிழியின் படமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். போன லீவில் எடுத்த முகம் பின்னேர வெயிலில் எடுத்தது. அதைக் காலைக் குமிழிக்குள் வைத்தால் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றினால் வெயில் சரிவரும், ஆனால் வீட்டு வாசல் மற்றப் பக்கம் போய்விடும். வாசல் எந்தப் பக்கம் என்பது இந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அதனால் சின்னவளைத் திரும்ப எடுத்தோம்.

இரண்டாவது, பின்னணியை வெட்டவில்லை. மணல், இழுத்து வைத்த படகு, கலங்கின கடல் எல்லாம் அப்படியே. முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு ஸ்பெரைஸ் இருபது. அதற்கு மேலே உண்மைக் குமிழியின் படத்தை வைத்து, பிளெண்டிங் மோடை 'ஸ்க்ரீன்' ஆக்கினோம். ஸ்க்ரீனில் கறுப்பு எல்லாம் காணாமல் போகும், வெளிச்சம் மட்டும் மிஞ்சும். சாச்சிட அபாயா மறைந்தது, வீடு நின்றது. குமிழியின் அளவை வட்டத்துக்குப் பொருத்தி, நடுவில் முகம் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு லேயர் மாஸ்க் போட்டு மென்மையான பிரஷ்ஷால் குறைத்தோம். ஓரத்துக்கு க்ளோ தேவைப்படவில்லை. சரிவாகப் படுகிற ஒளி கூடத் திரும்பும் என்பதால் உண்மைக் குமிழிக்கு விளிம்பு தானாகவே வெளிச்சமாக இருக்கிறது. வானவில்லும் பூசவில்லை. உச்சியில் கறுப்புப் பொட்டு விழத் தொடங்கியிருந்ததையும் அப்படியே விட்டோம்.

முதல் படத்தை விட இது மங்கல். பெனருக்கு எடுபடாது. எங்களில் ஒருத்தி நாலு எறும்புகளையும் அழித்துவிடுவோம் என்று கேட்டாள். ஹீலிங் பிரஷ்ஷில் இரண்டு நிமிட வேலை. கை வைத்தும் விட்டாள். பிறகு அன்டூ பண்ணினாள். அந்தக் காலையில் நாங்களும் அங்கே நின்றது உண்மைதானே.

சின்னவளிடம் காட்டினோம். ஜன்னலைத் தேடினாள். பிறகு கீழ்ப்பாதியைப் பார்க்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். "உம்மா, ஊடு கவுந்து கிடக்கு" என்றாள். அவளுக்கு அதுதான் ஆகப் பிடித்தது.

கத்தாரில் இருந்து இரவு வொய்ஸ் வந்தது. இந்த முறை நீளம். இரண்டு தரம் போட்டுக் கேட்டோம்.

"கூர வலது பக்கம் ஒரு தகரம் தூக்கிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. மழைக்கு முந்தி நானாட்டச் சொல்லி ஆணி அடிக்கச் சொல்லு. பலக சாத்தி இருக்கிற இடத்துக்கு அடுத்த மாசம் காசு அனுப்புறேன், ஜன்னல் போட்டுடலாம்." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "வாசலுக்கு முன்னால நாலு பேர் நிக்கிறாங்களே, யாரு அவங்க?"

சாச்சி மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"படம் புடிக்க வந்த புள்ளைகள்" என்றார். "இன்னும் இங்கதான் இருக்காங்க. ராச்சோறு தின்றாங்க."